டார்ச் அடித்தால் விடிந்துவிடும்

சென்னை வியாசர்பாடியில் கோழி வளர்ப்பவளுக்குப் பனிப்புயலைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். எனக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் அமெரிக்காவில், மின்னசோட்டாவில் இருக்கும் என் சித்தி மகன். அவனும் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறான். கோழிக்கு வரும் சகல துன்பங்களுக்கும் பனிதான் மூலகாரணம் என்பது அவனுடைய தீர்மானம்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கடலில் நிதானமாக நகர்ந்தபடி ஊற்றிக்கொண்டிருந்தது. (கரையைக் கடந்தது 5ஆம் தேதி, ஆந்திராவில் பாபட்லா பக்கம். மழையை மட்டும் போகிற வழியில் நமக்கு இறக்கிவிட்டுப் போனது.) கரண்ட் போவதற்குள் தம்பியின் குரல் செய்திகள் வரிசையாக வந்தன. "அக்கா, குடிக்கிற தண்ணீர் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள். கொண்டையில் வாசலின் தடவு, இல்லாவிட்டால் குளிரில் நுனி கறுத்துவிடும்."

அம்மா கேட்டுவிட்டு, "என் முழங்காலுக்கே தைலம் இல்லை, சேவலுக்கு வாசலினா?" என்றாள்.

ஆனால் அவன் சொன்னதில் ஒன்று எங்கள் ஊருக்கும் பொருந்தியது. கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. சிறகைச் சிலிர்த்து நடுவில் காற்றை அடைத்துக்கொண்டால் மைனஸ் 20 டிகிரியிலும் சமாளித்துவிடுமாம். நனைந்துவிட்டால் அந்த வித்தை பலிக்காது. எங்கள் கூட்டுக்குள்ளோ கணுக்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர் வந்துவிட்டது. உறைந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும் நிறம்.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் பிடிப்பது சுலபம். பழுத்த கத்தரிக்காய் பறிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறினோம். அடையில் இருந்தவளை மட்டும் மணல், முட்டை, மூங்கில் கூடை எல்லாவற்றோடும் தூக்கினோம். முட்டை சில்லிட்டால் உள்ளே இருக்கும் கரு போய்விடும். மாடி வீட்டு அக்கா, எங்கள் சேவல் கூவித் தூக்கம் போகிறது என்று ஆண்டுக்கணக்காகப் புகார் சொல்பவர். அன்று கதவைத் திறந்து, "வாங்க, வாங்க, அதையும் கொண்டு வாங்க" என்றார். நாக்கு தவறிச் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

சேவலைக் குளியலறையில் அடைத்தோம். வேறு இடமில்லை. கீழ்ப் போர்ஷன்காரர்கள் எல்லோரும் பாயும் தலையணையுமாக அக்காவின் கூடத்தில் நெருக்கியடித்துப் படுத்திருந்தோம். நள்ளிரவில் யாரோ டார்ச் எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் திறந்தார்கள். வெளிச்சத்தைக் கண்டதும் சேவல் விடிந்துவிட்டது என்று அறிவித்தது. ஓடு பதித்த சுவர், எதிரொலிக்குக் கேட்கவா வேண்டும்! கைக்குழந்தை அழுதது. அம்மா எழுந்து வாசல் தெளிக்க வாளி தேடினாள். வாசலில்தான் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே.

அதன் பிறகு யாருக்கும் ரகசியமே இல்லை. எழுந்தவர் யார் என்று ஊருக்கே சேவல் சொல்லிவிடும். எதிர் போர்ஷன் மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. பாவம், அவருக்கு மட்டும் பல முறை விடிந்தது. கடைசியில் மனிதர் டார்ச்சை அணைத்துவிட்டு, சுவரைத் தடவியபடி போய், நேராகச் சேவலின் மேல் கால் வைத்தார். அந்தக் கூச்சல் வேறு ரகம்.

கரண்ட் இல்லை, பால் கிடைக்கவில்லை. முட்டையாவது கிடைக்கும் என்று பார்த்தால், இடம் மாறிய கோபத்தில் பெட்டைகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. நொய்யை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றன.

தண்ணீர் வடிந்ததும் மற்றவை கீழே வந்துவிட்டன. அடைக்கோழியைத்தான் அக்கா விடவில்லை. "மறுபடி அசைத்தால் அடை கலைந்துவிடும். 21 நாள் கணக்கு முடியும்வரை இங்கேயே இருக்கட்டும். ஆனால் குஞ்சில் பாதி எனக்கு" என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "தாராளமாக. சேவல் குஞ்சுகள் எல்லாம் உனக்கு" என்றாள்.