ஒட்டாவா ஆற்றங்கரையும் ஒருகொடவத்தையும்

ஒட்டாவா நகரில் வசிக்கும் என் தங்கை சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, தன் வீட்டுக் குழாய்க்கு நீர் தரும் ஆற்றின் மேற்பகுதியில், கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில், கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவைப் புதைக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று கவலையோடு சொன்னாள். "அண்ணா, அந்த இடம் அரசாங்கத்தினுடையதா, கம்பனியினுடையதா?" என்று அவள் கேட்டதற்கு ஒரு சொல்லில் விடை சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த இடம் சோக் ரிவர் அணு ஆய்வுகூடம். 1952 டிசம்பரில் அணு உலை விபத்து நடந்ததும் அங்கேதான். நிலமும், கட்டடங்களும், கழிவுக்கான பொறுப்பும் இன்றும் கனடா அரசின் அணுசக்தி நிறுவனத்திடமே இருக்கின்றன. ஆனால் 2015 முதல் அன்றாட நிர்வாகம் தனியார் நிறுவனங்களின் கூட்டு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 10 இலட்சம் கன மீற்றர் வரை தாழ்நிலைக் கழிவை, அதாவது கதிர்வீச்சு குறைந்த கழிவை, கொள்ளக்கூடிய புதைமேட்டுக்குக் கனடாவின் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2024 ஜனவரியில் அனுமதி அளித்தது. கெபாவெக் முதற்குடி மக்களுடன் உரிய முறையில் கலந்தாலோசிக்கவில்லை என்று 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் கண்டறிந்தது.

தனியாருக்கு வேலை கொடுப்பதே தவறு என்பது என் கட்சியல்ல. தான் கொடுக்கும் வேலை என்னவென்று அரசு அறிந்திருக்கிறதா என்பதே என் கேள்வி. அதற்குப் பிரித்தானியாவின் அனுபவத்தைப் போலத் தெளிவான சான்றை நான் வேறெங்கும் காணவில்லை. மெக்னொக்ஸ் எனும் பழைய வகை அணுமின் நிலையங்கள் பத்தையும், ஹாவெல், வின்ஃபிரித் ஆகிய இரண்டு ஆய்வு நிலையங்களையும் துப்புரவாக்கும் ஒப்பந்தம் 2014 இல் ஒரு கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ஒப்பந்தப் போட்டியில் தோற்ற தரப்பு வழக்குத் தொடர்ந்தது. கேள்விப்பத்திரங்களுக்கு, அதாவது போட்டியிட்டோரின் விலைமனுக்களுக்கு, புள்ளியிட்ட முறையே பிழையானது என்று 2016 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, மறு ஆண்டில் ஏறத்தாழ 100 மில்லியன் பவுண் வரிப்பணம் இணக்கத் தொகையாகக் கைமாறியது. வழக்கைவிட என்னை வருத்தியது இன்னொன்று: அந்த நிலையங்களில் எவ்வளவு வேலை எஞ்சியிருக்கிறது, அவை எந்த நிலையில் உள்ளன என்பதை, ஒப்பந்தம் கோரிய அரச அதிகாரசபையே போதிய அளவு அறிந்திருக்கவில்லை. 14 ஆண்டுக்கான ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே முடிக்கப்பட்டு, 2019 இல் பணி அதிகாரசபையின் நேரடிப் பொறுப்புக்குத் திரும்பியது. செலாஃபீல்ட் என்னும் பெரிய அணுத்தளம் அதற்கு முன்பே, 2016 இல், அவ்வாறு திரும்பியிருந்தது.

நான் நாள்தோறும் கொழும்பையடுத்த ஒருகொடவத்தைச் சந்தியைக் கடந்து வேலைக்குச் செல்பவன். இலங்கை அணுசக்திச் சபை அங்கேதான் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதைக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்தல் பேரவையையும் வெவ்வேறாக்கியது; அது மிகச் சரியான செயல் என்றே கருதுகிறேன். அதே கொலன்னாவைப் பக்கத்தில்தான் மீதொட்டமுல்ல குப்பைமேடும் இருந்தது. அயலவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும், 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் அது சரிந்து 30க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வீட்டுக் குப்பையின் உயரத்தைக்கூட உரிய வேளையில் அளந்து நிறுத்தாத நிருவாகத்தை நினைக்கும்போது, அணுமின் நிலையம் பற்றி இங்கே எழும் பேச்சு எனக்கு உண்மையான அச்சத்தைத் தருகிறது.

அப்படியொரு நிலையத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரப்படுமானால், எரிந்து முடிந்த எரிபொருளை யார் பொறுப்பேற்பார், அதற்கான நிதி எந்தக் கணக்கில், எந்த ஆண்டிலிருந்து சேர்க்கப்படும், ஒப்பந்தக்காரரின் அளவீடுகளை மீண்டும் அளந்து பார்க்கப் பேரவையிடம் சொந்த ஆய்வாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பன கையொப்பத்துக்கு முன்னரே மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். தங்கைக்கும் இதையே எழுதினேன்: இடம் அரசாங்கத்தினுடையது, ஆகவே உன் கேள்வியையும் அரசாங்கத்திடமே கேள்.