ஆறு வாரம் ஒரே குரல்

டொரண்டோக்கு படிக்க வந்த முதல் வருஷம் மால்ல ஒரு துணிக்கடைல பார்ட் டைமா சேர்ந்தேன். நவம்பர் 11 ரிமெம்பரன்ஸ் டே, போர்ல செத்த வீரர்களை நினைக்கிற நாள், அன்னிக்கு வரைக்கும் எல்லாரும் சட்டைல சிவப்பு பாப்பிப் பூ குத்திட்டு நின்னோம், மறுநாள் ஷிஃப்டுக்கு போனா பாப்பியும் இல்ல அமைதியும் இல்ல, ஸ்பீக்கர்ல கிறிஸ்துமஸ் பாட்டு. ஹெட் ஆபீஸ் அனுப்புற பிளேலிஸ்ட், ஒரு பாட்டைக்கூட நம்மளால மாத்த முடியாது. அதுல மணிக்கு மூணு நாலு தடவை வர்ற குரல் பாடகர் மைக்கேல் பூப்ளேவோடது.

முதல் வாரம் கடுப்பு. ஸ்வெட்டர் மடிச்சு வைப்பேன், ஒரு அம்மா வந்து கலைப்பாங்க, திரும்ப மடிப்பேன், மேல இவரு ஊரே கிறிஸ்துமஸ் மாதிரி ஜொலிக்குதுன்னு உருகிட்டு இருப்பாரு. யாருய்யா இந்த ஆளுன்னு பிரேக்ல போனை எடுத்து தேடினேன். கனடாவுல வான்கூவர் பக்கத்துல இருக்குற பர்னபிக்காரர், அப்பா கூட சால்மன் பிடிக்கிற படகுல வேலை பார்த்திருக்காரு. தாத்தா பிளம்பர், பேரனை மேடைல பாட விட்டா காசு வாங்காம பைப் சரி பண்ணி தர்றேன்னு சொல்லி சான்ஸ் வாங்கி கொடுத்திருக்காரு. இது தெரிஞ்சதும் பாதி கோபம் போயிருச்சு.

அவரோட இந்த பாட்டுங்க இருக்குற ஆல்பம் 2011 அக்டோபர்ல வந்தது, பேரே 'கிறிஸ்துமஸ்'. டேவிட் ஃபாஸ்டர் மாதிரி பெரிய தலைகள் தயாரிச்சது. விமர்சனங்களை தேடி படிச்சேன். குரல் நல்லா இருக்கு, ட்ரம்பெட், சாக்ஸபோன்னு வாசிக்கிற பிக் பேண்ட் சுத்தமா இருக்கு, ஆனா ரொம்ப சேஃப், புதுசா எதுவும் இல்லைங்கற மாதிரி நிறைய பேர் எழுதியிருந்தாங்க. ஜனங்க அதையெல்லாம் கண்டுக்கவே இல்ல, அமெரிக்காவோட ஆல்பம் தரவரிசை பில்போர்ட் 200ல அஞ்சு வாரம் முதல் இடம், 2012ல கனடாவோட ஜூனோ இசை விருதுல சிறந்த ஆல்பமும் இதுதான்.

விமர்சகர் ஹெட்போன்ல ரெண்டு மூணு தடவை கேட்டு எழுதுறாரு, அவரு பொழப்பு அது. நான் கேட்டது எட்டு மணி நேர ஷிஃப்ட், ஆறு வாரம். அதே பிளேலிஸ்ட்ல உச்சஸ்தாயில கத்துற பாட்டுங்க சிலது இருந்துச்சு, தனியா கேட்டா புல்லரிக்கும், நாப்பதாவது தடவை கேக்கும்போது பேக் ரூமுக்கு ஓடிரலாம்னு இருக்கும். இவரு பாட்டு அப்படி குத்தல, மைக்கை வாய்கிட்ட வச்சு பேசுற மாதிரி பாடுறாரு, ஃபேன் சத்தம் மாதிரி பழகிப்போச்சு. அவங்க குறைன்னு எழுதின அந்த வழவழப்புதான் என்னை காப்பாத்துச்சு.

ஆனா ஒரு பாட்டுல விமர்சகர்கள் பக்கம்தான் நான். எர்த்தா கிட்ங்கற அமெரிக்க பாடகி 1953ல பாடின 'சாண்டா பேபி', ஒரு பொண்ணு சாண்டா தாத்தாவை கொஞ்சி கார் வேணும் படகு வேணும்னு கேக்குற பாட்டு. குறும்பே அந்த கொஞ்சல்லதான். ஆம்பள பாடுறதால இவரு பேபியை 'பட்டி'ன்னு (buddy, அதாவது நண்பா) மாத்தி, நடுவுல டியூட்னு வேற கூப்பிடுறாரு, கொஞ்சல் போயி பீச்ல கடன் கேக்குற பிரெண்டு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு சாண்டாபட்டின்னு கேட்டா உசிலம்பட்டி தாண்டி ஏதோ பஸ் ஸ்டாப் மாதிரி இருக்கும். இதை கேஷ்ல நிக்கிற பிலிப்பினோ அக்காகிட்ட விளக்கி சொன்னேன், அவங்க ஊர்ல செப்டம்பர்லயே கிறிஸ்துமஸ் ஆரம்பிச்சிரும், அதனால இந்த பாட்டெல்லாம் அவங்களுக்கு தண்ணி பட்ட பாடு. சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. அப்புறம் அந்த பாட்டு வந்தாலே ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம்.

டிசம்பர் 26 பாக்ஸிங் டே, கடைங்கள்ல பெரிய தள்ளுபடி நாள், வெளிய பெரிய கியூ, உள்ள பிளேலிஸ்ட் மாறி சாதாரண பாட்டு ஓடுது. அக்கா டேக் ஸ்கேன் பண்ணிக்கிட்டே வாய்க்குள்ள ஏதோ முனகுறாங்க, கிட்ட போனா சாண்டாபட்டி. அன்னிக்கு மூடுற வரைக்கும் நானும் அதைத்தான் முனகிட்டு இருந்தேன்.