சாணைக்காரர் ஏன் ஓரிடத்தில் தங்குவதில்லை

வெங்காயம் நறுக்கும்போது துண்டுகள் தனித்தனியாக விழாமல் அடியில் ஒட்டிக்கொண்டு சரம்போல வந்தால், கத்தி மழுங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பல நேரம் காரணம் வேறு: முன்பு யாரோ தப்பாகச் சாணை பிடித்திருப்பார்கள். பிடியை ஒட்டிய தடித்த பகுதியைக் கல்லில் தொடாமல், நடு வாயை மட்டும் வருடாவருடம் தேய்த்தால் அங்கே குழி விழுந்துவிடும். அதன்பின் கத்தியைப் பலகையில் வைத்தால் நுனியும் அடியும்தான் தொடும். இதற்கு எவ்வளவு கூர் ஏற்றினாலும் பயனில்லை. முதலில் தடித்த அடியைக் குறைக்க வேண்டும், பிறகு வாயை நேராக்க வேண்டும், கடைசியில்தான் பதம்.

சுவிட்சர்லாந்தில் இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் யெனிஷ் மக்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கு இலக்கணம் ஜெர்மன்; சொற்களில் பல ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்தும் ரோமா மக்களின் ரோமானி மொழியிலிருந்தும் வந்தவை. சாணை, கூடை முடைதல், பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல், குடை பழுது பார்த்தல், பழைய இரும்பு எடுத்தல் ஆகியவை பழைய தொழில்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்து ஈயம் பூசுகிற வேலையைத் தின்றுவிட்டன. கத்தியை எதனாலும் ஒழிக்க முடியவில்லை, சாணை பிழைத்துக்கொண்டது.

அந்தக் காலத்துத் தள்ளுவண்டியில் காலால் மிதித்துச் சுற்றும் கல், அதற்குமேலே சொட்டுச்சொட்டாக நீர் விடும் தகரக் குவளை. இப்போது வேனுக்குள் மின்மோட்டார். கருவி மாறினாலும் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: சூடு. உலர்ந்த கல்லில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாய் நொடியில் சூடேறி, முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு நீலமாகும். நீலம் கண்ட இடத்தில் எஃகின் கடினம் போயிற்று. அன்றைக்குக் கூராகத்தான் இருக்கும், ஆனால் ஒரு வாரம் தாங்காது. அதனால் லேசாகத் தொட்டு, நீரில் நனைத்து, மறுபடியும் தொட வேண்டும். சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். விரலைக் குறுக்கே வைத்து இழுத்தால் தட்டும். அடியிலிருந்து நுனிவரை பிசிர் எழுந்தபின்தான் பக்கத்தை மாற்ற வேண்டும். அந்தப் பிசிரை நுண்கல்லிலோ தோலிலோ எடுக்காமல் கொடுத்தால், முதல் தக்காளிக்கு அபாரமாக வெட்டும், மூன்றாவதுக்கு நசுக்கும்.

கத்தரிக்கோல் வேறு கணக்கு. அதன் இரண்டு அலகும் லேசாக வில்போல வளைந்திருக்கும். மூடும்போது ஒரு புள்ளியில்தான் ஒன்றையொன்று தொடும். அந்தப் புள்ளி திருகிலிருந்து நுனிவரை ஓடும். வெளிச்சாய்வை மட்டும்தான் தீட்ட வேண்டும். உள்பக்கத்தைச் சக்கரத்தில் வைத்தால் குழிவு போய்விடும், துணி வெட்டுப்படாமல் நடுவே மடியும். பிசிர் இருக்கும்போதே மூடிப் பார்த்தால் ஒரு அலகு மற்றதைக் கடித்துவிடும். தீட்டவே தேவையில்லாத கத்தரிக்கோலும் வரும். திருகு தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதை முறுக்கிக் கொடுத்துக் காசு வாங்காமல் விடுகிறவருக்கு அடுத்த வருடம் அந்த வீட்டில் நான்கு கத்தி கிடைக்கும்.

அடுத்த வருடம் என்பதுதான் இந்தத் தொழிலின் முடிச்சு. ஒரு வீட்டுக்கு வருடம் ஒருமுறை சாணை போதும். இருநூறு வீடுள்ள ஊரில் பாதிப் பேர் ஆளுக்கு நாலு உருப்படி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 400. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் எட்டு, ஒன்பது நாளில் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் அங்கே நிற்பது பட்டினிக்கு வழி. நகர வேண்டும் என்று கட்டளையிடுவது இந்தக் கணக்குதான். இதில் ரத்தத்தில் ஊறிய அலைச்சல் எதுவும் இல்லை.

இந்த நகர்தலை நோயாகப் பார்த்தது சுவிஸ் அதிகாரம். ப்ரோ யூவென்டூட்டே என்ற குழந்தைகள் நல நிறுவனம் ஆல்ஃப்ரெட் சீக்ஃப்ரீட் தலைமையில் 1926இல் தொடங்கிய திட்டம் 1973 வரை நடந்தது; அரசும் அதற்குப் பண உதவி செய்தது. ஏறத்தாழ 600 குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வளர்ப்பு வீடுகளிலும் வைத்தார்கள். நாடோடி வாழ்வை ஒழிக்கக் குடும்பங்களையே உடைக்க வேண்டும் என்று சீக்ஃப்ரீட் வெளிப்படையாகவே எழுதினார். 1972இல் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியபின்தான் திட்டம் நின்றது. குடியரசுத் தலைவர் அல்ஃபோன்ஸ் எக்லி 1986இல் மன்னிப்புக் கேட்டார். அது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று 2025இல் சுவிஸ் அரசு ஏற்றுக்கொண்டது. குழந்தையை எடுத்தால் தொழிலையும் எடுத்ததாகும். கல்லை எவ்வளவு அழுத்துவது என்பது பக்கத்தில் நின்று வருடக்கணக்கில் கேட்ட சத்தத்திலிருந்து வருகிறது. காய்ந்து உரசும் ஓசையும் நீரோடு வழுக்கும் ஓசையும் வேறுவேறு என்று எந்த விடுதியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஊர்ஊராகப் போய்த் தொழில் செய்வதற்கான உரிமம் இப்போது பரவாயில்லை. முன்பு ஒவ்வொரு கண்டோனுக்கும், அதாவது சுவிஸ் மாநிலத்துக்கும், தனித்தனியாக வாங்க வேண்டும். 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் ஒரே அட்டை நாடு முழுவதும் 5 ஆண்டுக்குச் செல்லும். அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் நிலப் பயன்பாட்டுத் திட்டங்களில் இவர்கள் தங்க இடம் ஒதுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அட்டை வந்துவிட்டது, இடம்தான் வரவில்லை. நீர், மின்சாரம், கழிப்பறை, குப்பை எடுக்க ஏற்பாடு, வேன் திரும்பும் அளவுக்குக் கெட்டித்தரை ஆகியவற்றைத்தான் கேட்கிறார்கள். ஊராட்சி வாக்கெடுப்பில் பல இடங்களில் அதுவும் தோற்கிறது.

இடமில்லாவிட்டால் தொழில் எங்கே அறுகிறது என்பது வெளியாருக்குத் தெரியாது. வழக்கமாகக் காலையில் வீடுவீடாகப் போய்க் கத்திகளை வாங்கி, எந்தக் கத்தி எந்த வீட்டுடையது என்று சீட்டுக் கட்டி, மாலைக்குள் தீட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். நடுப்பகலில் வண்டியை எடுக்கச் சொன்னால் முப்பது வீட்டுக் கத்திகள் வேனுக்குள் இருக்கும். அவற்றோடு ஊரைவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தெரு என்ன பெயர் வைக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் எங்கேயாவது தள்ளி நிறுத்திவிட்டு, இருட்டினபிறகும் கதவு தட்டிக்கொண்டிருப்பார்கள்.