எங்கப்பாவும் நாலு டாலர் குவார்ட்டரும்

எங்கப்பா டெய்லர். மதுரை புதுமண்டபத்துல, மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதுத்தாப்புல, திருமலை நாயக்கர் கட்டுன கல்தூணுங்களுக்கு நடுவுல மெஷினைப் போட்டு முப்பத்தெட்டு வருஷம் ஜாக்கெட்டும் ஸ்கூல் யூனிஃபார்மும் தைச்ச ஆளு. தலைக்கு மேல யாளி, காலுக்கு கீழ பெடல். அங்க இருந்த கடைங்களை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனப்ப "யாளி இல்லாத எடத்துல எனக்கு நூல் ஓடாது"ன்னு சொல்லி மெஷினை வித்துட்டு வீட்டோட உக்காந்துட்டாரு. மெஷின்தான் போச்சே தவிர கடையில சேர்ந்திருந்த வெட்டுத்துணி ரெண்டு மூட்டை வீட்டுப் பரண்ல ஏறிருச்சு, "எலி குட்டி போடுது, எடுத்துப் போடுங்க"ன்னு அம்மாவும் "கெடக்கட்டும், என்னத்துக்காவது ஆகும்"னு இவரும் மூணு வருஷமா சண்டை.

அப்பேர்ப்பட்டவரு ஆறு மாச விசிட்டுக்கு ஹூஸ்டன் வந்தாரு, அம்மா முழங்கால் வலின்னு வரல. வந்த ரெண்டாவது வாரமே போரடிச்சிருச்சு. காஸ்ட்கோ கூட்டிட்டுப் போனா தொங்குற சட்டையை எல்லாம் உள்பக்கம் பொரட்டிப் பாத்து "இந்தா பாருத்தா, ஓரம் மடிக்கவே இல்ல, ஓவர்லாக்கை அடிச்சு விட்டுட்டான், இதுக்கு இருபது டாலரா"ன்னு சத்தமா கேப்பாரு, பக்கத்துல நிக்கிறவரு என்னமோ ஏதோன்னு வண்டியைத் திருப்பிட்டுப் போயிருவாரு. இவரை எங்கதான் கூட்டிட்டுப் போறதுன்னு யோசிச்சப்பதான் இன்டர்நேஷனல் குயில்ட் ஃபெஸ்டிவல் ஞாபகம் வந்துச்சு. வருஷா வருஷம் அக்டோபர், நவம்பர் வாக்குல டவுன்டவுன்ல ஜார்ஜ் ஆர் ப்ரவுன் கன்வென்ஷன் சென்டர்ல நடக்கும். நானும் லாக்டவுன்ல குயில்ட் போட கத்துக்கிட்டவதான், பொறக்கப்போற பிள்ளைக்குன்னு ஆரம்பிச்சேன், பிள்ளை இப்ப ஸ்கூலுக்குப் போகுது, குயில்ட் இன்னும் பாதியில நிக்குது. இந்த மாதிரி பாதியில நிக்கிறதுக்கு குயில்ட் உலகத்துல யூஎஃப்ஓன்னு பேரு, அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட். எங்க வீட்டுல அந்தக் கணக்குல பறக்கும் தட்டு மொத்தம் நாலு.

வீட்டுக்காரருக்கு அன்னிக்குன்னு பாத்து ஆபீஸ் மீட்டிங் வந்துருச்சு, சனிக்கிழமை என்ன மீட்டிங்னு நான் கேக்கல.

கார்ல போகும்போதே "குயில்ட்னா என்னத்தா, குயிலு கியிலா"ன்னாரு. மேல ஒட்டுத்துணிங்களைச் சேத்து ஒரு துணி, நடுவுல பஞ்சுத் தகடு, அடியில இன்னொரு துணி, மூணையும் சேத்து ஊடுருவித் தைக்கணும்ப்பான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பாத்துட்டு "அட, மெத்தைதான" அப்படின்னாரு. "ஒட்டுத்துணி மெத்தையைப் பாக்கவா டிக்கெட்டு?" டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டதுக்கு நான் உண்மை விலையில பாதியைச் சொன்னேன், அதுக்கே சீட் பெல்ட்டை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

அந்தக் கட்டடம் வெளிய இருந்து பாத்தா செவப்பும் நீலமும் அடிச்சு கப்பல் மாதிரி இருக்கும். உள்ள கூட்டம் எப்படின்னா, தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கிழமை நம்ம விளக்குத்தூண் எப்படி இருக்குமோ அப்படி, என்ன, இங்க யாரும் இடிக்கல, இடிக்காமலேயே சாரி சொல்றாங்க. முக்காவாசி பாட்டிமாருங்க. ஆளாளுக்கு சக்கரம் வச்ச பை. சுவரோரம் இருக்குற பெஞ்சுல எல்லாம் ஆம்பளைங்க, மடி நெறைய பை, கண்ணுல எந்த ஆசையும் இல்லாம உக்காந்திருந்தாங்க. அப்பா அவங்களைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. "ஏத்தா, ஜவுளிக்கடை வாசல் உலகம் பூரா ஒண்ணுதான் போல."

1974ல கேரி ப்ரெசன்ஹான்னு ஒரு அம்மா ஹூஸ்டன்ல வச்சிருந்த பழம்பொருள் கடையில கஸ்டமருங்களுக்கு நன்றி சொல்றதுக்காக சும்மா ஒரு குயில்ட் கண்காட்சி வச்சாங்க, அதுதான் இப்ப இவ்வளவு பெருசா ஆகிருச்சுன்னு நான் கதை சொல்லிக்கிட்டே வரேன், பக்கத்துல ஆளைக் காணோம். திரும்பிப் பாத்தா ஒரு கடை முன்னாடி மூக்குக்கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறாரு. எட்டாவது படிச்ச இங்கிலீஷு.

"ஏத்தா... ஃபேட்... குவார்ட்டர்... ஃபோர் டாலர்ஸ்." என்னைத் திரும்பிப் பாத்தாரு. "பட்டப்பகல்ல. பொம்பளையாளுங்க லைன்ல நிக்கிறாங்க."

"அப்பா, அது துணிப்பா."

"குவார்ட்டர்னு போட்டிருக்கேத்தா!"

ஒரு கஜத்துல கால்வாசின்னு வெளக்குனேன். வழக்கமா கால் கஜம் கேட்டா 9 இஞ்ச் அகலத்துல நீட்டுப் பட்டையா வெட்டிக் குடுத்துருவாங்க, ஒண்ணுத்துக்கும் ஆகாது, அதனால அரை கஜத்தை வெட்டி அதை நடுவுல ரெண்டா வெட்டுனா 18க்கு 22 இஞ்ச் வரும், அதுதான் இது, அதான் ஃபேட்டு, குண்டு. நான் முடிக்கிறதுக்குள்ளயே அவருக்குப் புரிஞ்சிருச்சு. "புத்திசாலி வெட்டுத்தான், பட்டையா வெட்டுனா பட்டி தைக்கத்தான் ஆகும், இப்படி வெட்டுனா ரெண்டு கைத்துணி எடுக்கலாம்"னு தலையாட்டுனாரு. ஆட்டிட்டு இருந்த தலை டக்குனு நின்னுச்சு. மனசுக்குள்ள கணக்கு ஓடுது.

"இந்தத் துண்டு நாலு டாலரு. நம்மூர் காசுக்கு முந்நூத்திச் சொச்சம். முந்நூத்திச் சொச்சமா!"

அங்கதான் ஆரம்பிச்சுச்சு. அதுக்கப்புறம் அன்னிக்கு முழுக்க அவரு குயில்ட்டைப் பாக்கல, முப்பத்தெட்டு வருஷத்துல தூக்கிப்போட்ட வெட்டுத்துணியைத்தான் பாத்தாரு. பக்கத்துக் கடையில ஜெல்லி ரோல், இரண்டரை இஞ்ச் அகலத்துல வெட்டுன பட்டைங்களை ரொட்டி மாதிரி சுருட்டி ரிப்பன் கட்டி வச்சிருக்காங்க. அதுக்கு அடுத்து லேயர் கேக், 10 இஞ்ச் சதுரம். அப்புறம் சார்ம் பேக், 5 இஞ்ச் சதுரம். குவார்ட்டரு, ஜெல்லி, கேக்கு, ஒண்ணும் வாயில வைக்க முடியாது. அஞ்சு இஞ்ச் சதுரத்தைக் கையில எடுத்து "இதை விடப் பெரிய துண்டை எல்லாம் மெக்கானிக் பய கிரீஸ் தொடைக்க சும்மா அள்ளிட்டுப் போவான், நானே பை போட்டுக் குடுத்தேன்"னாரு. குரலே மாறிப்போச்சு. அடுத்த ரேக்குல மெட்ராஸ்னு பேர் போட்டு கட்டம் போட்ட துணி இருந்துச்சு. எங்கப்பா அதை ரெண்டு வெரலுக்கு நடுவுல உருட்டிப் பாத்துட்டு சத்தமில்லாம திரும்ப வச்சாரு. "லுங்கி" அப்படின்னு ஒரே வார்த்தை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா அதைக் கட்டிக்கிட்டே வந்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

போட்டிக் குயில்ட்டுங்க இருக்குற பக்கம் போனோம். கறுப்புத் திரை கட்டி வரிசையா தொங்குது, சிலது தூரத்துல இருந்து பாத்தா ஃபோட்டோவேதான், கிட்டப் போனாத்தான் நகத்தளவு துணிங்கன்னு தெரியும். அப்பா கிட்டப் போனாரு. ரொம்பக் கிட்டப் போனாரு. கை தன்னால நீண்டுச்சு. எங்கிருந்தோ ஒரு பாட்டியம்மா, கையில வெள்ளை கிளவுஸ், சிரிச்சுக்கிட்டே தொடக்கூடாதுன்னாங்க. "துணியைத் தொடாம எப்படித்தா பாக்குறது, சாம்பாரை மோந்து பாத்துட்டுப் போன்னா எப்படி"ன்னு எங்கிட்ட கேட்டாரு. அவங்களே வாலன்டியர், கிளவுஸ் போட்ட கையால ஓரத்தைப் பிடிச்சுத் திருப்பி பின்பக்கத்தைக் காட்டறதுதான் அவங்க வேலை. பின்பக்கத்தைக் காட்டட்டுமான்னு கேட்டாங்க பாருங்க, எங்கப்பா முகம் மலந்துச்சு. புதுமண்டபத்துல எடுபிடிப் பையனா சேர்ந்த அன்னிக்கே அவரு குரு சொன்னது அதுதானாம், முன்பக்கம் கஸ்டமருக்கு, பின்பக்கம் டெய்லருக்கு.

குனிஞ்சு பாத்தாரு. முடிச்சு தேடுறாரு. இல்ல. கைத்தையலாச்சே, முடிச்சு இல்லாம எப்படின்னு கேட்டாரு, நூலை லேசா ஒரு சுண்டு சுண்டி முடிச்சை உள்ள பஞ்சுக்குள்ள போக விட்டுருவாங்கப்பான்னு சொன்னேன். எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவை கூட அது சரியா வந்ததில்லைங்கறதைச் சொல்லல. காத்துலயே நகத்தை வச்சு எண்ணுனாரு, இஞ்சுக்கு பத்து தையலுக்கு மேல. நிமிந்து அந்த கிளவுஸ் பாட்டியைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. அவங்க தைக்கலப்பா, அவங்க திருப்பிக் காட்டுறவங்கன்னேன். பரவால்ல, சொல்லச் சொல்லுன்னுட்டாரு.

பழைய குயில்ட்டுங்க இருந்த மூலையில வெள்ளைத் துணி மேல பூவும் கொடியும் ஒட்டி வச்சுத் தைச்ச ஒண்ணு. இதுக்கு ப்ரோடெரி பெர்ஸ்னு பேரு. நம்ம சோழமண்டலக் கரையில இருந்து கப்பல்ல போன பூப்போட்ட துணி 18ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல எல்லாம் ரொம்ப விலை, அதனால கொஞ்சமா வாங்கி, பூவை மட்டும் கத்தரிச்சு எடுத்து, சாதாரணத் துணி மேல வச்சுத் தைச்சு பரப்பிக்கிட்டாங்க. இதைச் சொன்னதும் அப்பா "அப்ப நம்ம துணி வெட்டுத்துணியா இருந்தப்பவும் மதிப்பாத்தான் இருந்திருக்கு, நாமதான்..."ன்னு பாதியில நிறுத்திட்டாரு. இதுல நான் வேற சும்மா இருக்காம அலபாமால ஜீஸ் பெண்டுன்னு ஒரு ஊரு, அங்க கறுப்பினப் பொம்பளைங்க வயல்ல போட்டுத் தேஞ்ச பேன்ட்டு சட்டையைக் கிழிச்சுத் தைச்ச குயில்ட்டுங்க இப்ப பெரிய மியூசியத்துல எல்லாம் தொங்குதுன்னு சொல்லித் தொலைச்சேன். பத்து நிமிஷம் பேச்சே இல்ல.

மத்தியானம் எதுத்தாப்புல டிஸ்கவரி கிரீன் பார்க்குல உக்காந்து புளியோதரை. உள்ள ஒரு சாண்ட்விச் விலையைப் பாத்துட்டு அப்பா நேத்து ராத்திரி நான் புளிக்காய்ச்சல் கிளறுனதை முதல் தடவையா பாராட்டுனாரு.

சாயங்காலம்தான் விஷயமே. லாங்ஆர்ம் மெஷின் பக்கம் வந்தோம். கட்டில் மாதிரி பத்து பன்னெண்டு அடி நீளத்துக்கு ஒரு ஃபிரேம், குயில்ட்டு அதுல விறைப்பா கட்டியிருக்கும், மெஷின் தண்டவாளத்துல உருளும், ரெண்டு கையால பிடியைப் பிடிச்சு நாம இழுக்குற பக்கம் எல்லாம் தைச்சுக்கிட்டே போகும். அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு "துணி நிக்குது, மெஷின் ஓடுது. மாப்பிள்ளை ஒக்காந்திருக்க பொண்ணு தாலி கட்டுன கணக்கா இருக்கு"ன்னாரு. டெமோ காட்டுன அம்மாகிட்ட நேராப் போயி "மேடம், திஸ் நீடில், வாட் நம்பர்?" அந்தம்மா "18"னாங்க. இவரு "மை மெஷின் 16." அவங்க "ஆ, 16!" அவ்வளவுதான், ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிட்டாங்க, நான் வேண்டாத ஆளு. எவ்வளவு வேகமா இழுத்தாலும் மெதுவா இழுத்தாலும் தையல் ஒரே அளவா விழற மாதிரி உள்ள ஒரு ரெகுலேட்டர் இருக்குன்னு காட்டுனாங்க. "அப்ப கை எதுக்கு"ன்னாரு, அதை நான் மொழிபெயர்க்கல.

நீங்க ஓட்டிப் பாக்குறீங்களான்னு கேட்டாங்க. வேட்டி மடிச்சுக் கட்டிப் பழகுன மனுஷன் பேன்ட்டை ஒரு தூக்கு தூக்கிவிட்டு நின்னாரு. காலு கீழ பெடலைத் தேடுது. இல்ல. மூணு வருஷமா மெஷின் தொடாத கை. பிடியைப் பிடிச்சு, கண்ணை மூடித் திறந்து, வெள்ளைத் துணி நடுவுல சர்ருனு ஒரு இழுப்பு இழுத்து நிறுத்துனாரு. பிள்ளையார் சுழி. செவப்பு நூல்ல, உள்ளங்கை அகலத்துக்கு, கீழ ஒரு கோடும் போட்டு. அந்தம்மா "ஓ ப்யூட்டிஃபுல், இது பெய்ஸ்லியா"ன்னு, அதான் நம்ம மாங்கா டிசைனான்னு கேட்டாங்க. எந்த வேலையும் இதைப் போட்டுத்தான் ஆரம்பிப்போம்னு சொன்னேன். அப்ப எங்களுக்கும் வேணும்னு அடுத்து நின்ன பாட்டி அதையே பாத்துப் பாத்து ஒண்ணு போட்டாங்க, அது 2 மாதிரி வந்துச்சு. பரவால்ல, அதுவும் பிள்ளையார்தான்னாரு அப்பா. நாங்க கெளம்புறப்ப அந்தத் துணியில மூணு பிள்ளையார் சுழியும், ஒரு வாத்து மாதிரியும் இருந்துச்சு. மெஷின் விலை 20,000 டாலருக்கு மேல. "கார் வாங்கிரலாமேத்தா"ன்னாரு, பார்க்கிங் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு.

அன்னிக்கு நான் வாங்குனது பதினாறு ஃபேட் குவார்ட்டர், ரெண்டு ஜெல்லி ரோல். வீட்டுக்காரருக்குத் தெரியாம கார் டிக்கியில வச்சிருக்கேன், அப்பாவும் கூட்டு.

ராத்திரி எட்டரை, மதுரையில காலைல ஏழு. சாப்பிட்டுக் கை கழுவுன ஈரத்தோடவே அம்மாவுக்கு ஃபோனைப் போடச் சொன்னாரு. எப்படி இருக்கன்னு கூட கேக்கல. "இந்தா, அந்தப் பரண்ல இருக்குற ரெண்டு மூட்டையை யாரும் தொடக்கூடாது கேட்டியா, கணக்குப் போட்டா பல லட்சம் வரும், எலி மருந்து வை, நான் வந்து பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் அம்மா, ரொம்ப சாவகாசமா, "அதையா, நீங்க பிளேன் ஏறுன மக்காநாளே பழைய துணிக்காரன் வந்தான், போட்டுட்டேன், பிளாஸ்டிக் வாளி ரெண்டு குடுத்தான்"னாங்க.

அப்பா ஃபோனைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. சோஃபாவுல மெதுவா சாஞ்சாரு.

"மூடியோட குடுத்தானா?"