கதவுக்கு எவ்வளவு?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில் ஒன்றில்தான் உதவிப் பொறியாளராக என் முதல் வேலை. பசியாறிவிட்டு உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே வெந்த குலையின் வாசம் சட்டையில் ஏறிவிடும்.

குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசர், நீளவாக்கில் படுத்துக் கிடக்கும் எஃகு உருளை. 3 பார் அழுத்தம் வரை ஏறும் நீராவி, 140 டிகிரிக்கு மேல் சூடு. அதில் வெந்தால்தான் பழம் குலையை விட்டு உதிரும். எண்ணெயில் அமிலத்தைக் கூட்டும் நொதியும் செயலிழக்கும்.

ஆண்டுப் பராமரிப்பின்போது அதன் தகைவை, அதாவது தகட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசையை, கணக்குப் போட்டேன். விட்டம் 2,100 மி.மீ., தகடு 12 மி.மீ. விட்டம் தடிப்பைப் போல் 175 மடங்கு. 20 மடங்குக்கு மேல் போனாலே மெல்லிய சுவர்க் கலனாக எடுத்துக்கொள்ளலாம். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிப்பின் இரு மடங்கால் வகுத்தேன். சுற்றுவாக்கில் சதுர மில்லிமீட்டருக்கு 26 நியூட்டன். நீளவாக்கில் அதில் பாதி, 13. சாசேஜைக் கொதிநீரில் போட்டால் குறுக்கே அறாமல் நெடுக்கே பிளப்பதற்கும் இதுதான் காரணம். எஃகுத் தகடோ ஏறக்குறைய 250 வரை தாங்கும். நிம்மதியாகத் தாளை ஃபோர்மேனிடம் காட்டினேன். முப்பது வருடமாக அந்த ஸ்டெரிலைசரோடு இருப்பவர். ஆட்கள் முன்னால் என்னை ‘சார்’ என்பார், தனியாக இருந்தால் ‘தம்பி’.

“தகடு சரி தம்பி. கதவுக்கு எவ்வளவு?”

அதை நான் போடவே இல்லை.

அன்று மாலை சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில், தே தாரிக் ஆறிப்போக, தாளின் பின்புறத்தில் போட்டேன். 3 பார் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 0.3 நியூட்டன். உருளையின் முனையை முழுதாக மூடும் கதவின் பரப்பை அதால் பெருக்கினால் பத்து லட்சம் நியூட்டனுக்கு மேல். கிட்டத்தட்ட 106 டன்! நீளவாக்குத் தகைவு எங்கிருந்து வருகிறது என்பதே அப்போதுதான் உறைத்தது. இரு முனையையும் வெளியே தள்ளும் அந்த 106 டன்னைத்தான் உருளை தன் சுற்றளவு முழுவதும் பகிர்ந்து இழுத்துப் பிடிக்கிறது. படித்தபோது சூத்திரமாகத்தான் அது மனதில் இருந்தது.

மறுநாள் ஃபோர்மேன் அண்ணன் என்னைக் கதவருகே அழைத்துப் போனார். ஒரு சுற்று முடிந்து நீராவியை வெளியேற்றியிருந்தார்கள். அழுத்தமானியின் முள் சுழியத்தில் படுத்திருந்தது. அண்ணன் கதவோரமாக நின்று சின்னக் குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று ஆவி வந்தது. அது முழுதாக அடங்கும்வரை கதவில் யாரையும் கை வைக்க விடவில்லை.

“முள் படுத்தாலும் உள்ள இருக்கும் தம்பி. இந்தக் குழாயில நார் அடைச்சுக்கிட்டா அதுவும் ஏமாத்திரும்” என்றார். ஒவ்வொரு ஷிப்டிலும் அதைக் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பது அவர் வழக்கம்.

முள்ளை வைத்துச் சொல்ல முடியாத 0.1 பாருக்கு எவ்வளவு என்று அங்கேயே போட்டுப் பார்த்தேன். மூன்றரை டன். பூட்டை விடுவித்த கணம் அந்தப் பாரத்தோடு கதவு வீசும், எதிரே நிற்பவர் மேல். என் கை நடுங்கியது. முந்தின வாரம் அதே இடத்தில், முள்ளை மட்டும் பார்த்துவிட்டு, “திறங்க” என்று சொன்னவன் நான்.

சுண்ணக்கட்டியை எடுத்து மானிக்குக் கீழே சுவரில் பெரிதாக எழுதினேன்: ‘0.1 பார் = 3.5 டன்’. அண்ணன் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற புதுப் பையனைத் தோளைப் பிடித்துக் கதவுக்கு நேரே இருந்து ஓரமாக நகர்த்தினார்.