ஆயாவின் கல்லாப்பெட்டி

எங்கள் ஆயாவைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அவர் கைப்பக்குவத்தைத்தான் சொல்வார்கள். வியாசர்பாடியில் அவர் கடையில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அம்மாவைத் தெருவில் பார்த்தால் "உங்கம்மா கை யாருக்கும் வராதும்மா" என்று நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ஆயா முதலில் ஒரு வியாபாரி, அப்புறம்தான் சமையல்காரர். சாப்பாட்டுக்கடை நடத்திய பெண்களைப் பற்றிப் பேசும்போது பாசம், ருசி என்று சொல்லிவிட்டுக் கணக்கை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆயா ரங்கூனில் பிறந்தவர். அவருடைய அப்பா இராமநாதபுரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே மளிகைக்கடை வைத்தவர். பகலில் பர்மியப் பள்ளிக்கூடம், சாயங்காலம் கடைக் கல்லா, இப்படித்தான் ஆயா வளர்ந்திருக்கிறார். 1962-ல் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள், எங்கள் கடையும் போனது. சரி, கையில் இருக்கிற ரொக்கத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தால், மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மார்ச்சில் சரக்கு, மே மாதத்தில் பணம். தலையணை உறைக்குள் வைத்துத் தைத்திருந்த நோட்டுகளை ஆயாவின் அம்மா பிரித்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். நகை கொண்டுபோகவும் கட்டுப்பாடு. அப்படித்தான் ஆயா புருஷனோடும் கைக்குழந்தையோடும் மெட்ராஸில் வந்து இறங்கினார். அந்தக் குழந்தைதான் எங்கள் பெரிய மாமா.

இங்கே அவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். ஆயா திரும்பவில்லை, முதல் தடவையாக வந்தார். பேச்சு தமிழ்தான், ஆனாலும் பஸ்ஸில் எங்கே ஏறுவது, ரேஷனுக்கு யாரைப் பார்ப்பது, எதுவும் தெரியாது. பத்து வருஷம் கழித்தும் தெருவில் அவர் 'பர்மாக்காரம்மா'தான். அவருடைய தம்பிக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. தரை வழியாகவே பர்மாவுக்குத் திரும்பப் போகிறோம் என்று கிளம்பிய ஒரு கூட்டத்தோடு போய், எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரில் மோரேயிலேயே தங்கிவிட்டார். அப்படித் தங்கிய தமிழர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில்கூடக் கட்டியிருக்கிறார்கள். ஆயாவுக்கும் போக ஆசைதான், பெரிய மாமா அப்போது மார்ச்சளியில் கிடந்ததால் போகவில்லை. அன்று அந்தச் சளி பிடிக்காமல் இருந்திருந்தால் நான் மோரேயில் பிறந்திருப்பேன்.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அந்தக் கூலி போதாமல்தான் ஆயா தள்ளுவண்டி போட்டார். வண்டி கடையானது ரெப்கோ வங்கிக் கடனில். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காகவே 1969-ல் தொடங்கிய வங்கி அது. அதே வருஷம்தான் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரும் வந்தது. சொந்தக்காரர்கள் பலர் அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கப் போனபோது ஆயா போகவில்லை. "சாமான் வாங்குறவன் ஒரு தடவ வாங்குவான், பசி தெனம் வரும்" என்பார். இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய அலுமினியப் பேசின், இரண்டு அடுப்பு. வேக வைத்து எண்ணெய் தடவிய நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், வறுத்த மாவு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான பலகாரத்தை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், இலவசம்.

அந்த சூப்புக்குப் பெயர் மொயிங்கா, ரங்கூனில் மீன் போட்டுச் செய்வது. இங்கே அதில் மீன் கிடையாது. மெட்ராஸ்காரர்கள் நாக்குக்காக மாற்றினார் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் நேரிலேயே கேட்டேன். மீன் விலை தினமும் ஏறி இறங்கும், வாழைத்தண்டு விலை அவ்வளவு ஆடாது, இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கு விலை ஆடக்கூடாது, அவ்வளவுதான் என்றார். அதுதான் ஆயா. வெங்காயம் விலை ஏறுகிற மாதத்தில் பொரித்த வெங்காயம் குறையும், கோஸ் கூடும், தட்டின் அளவு மட்டும் குறையவே குறையாது.

கணக்கு நோட்டை அவர் பர்மிய எண்களில்தான் எழுதினார். பேர் தமிழில், தொகை பர்மிய எண்ணில். மனக்கணக்கும் பர்மிய மொழியில்தான் ஓடும். பேசினில் கை பிசைந்துகொண்டிருக்க, உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கும், உடனே சில்லறையை எண்ணிக் கொடுப்பார். சின்ன வயதில் படித்த எழுத்தில்தான் வேகமாக வருகிறது என்பார்.

கடையை நடத்திய காலம் முழுக்க அவர் ராத்திரி பெரிய நோட்டை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்கியதில்லை. வந்த பணத்தை அடுத்த நாளே எண்ணெய் டின்னாக, நூடுல்ஸ் மூட்டையாக மாற்றிவிடுவார், மீதியை வங்கியில் போட்டுவிடுவார். மாமாக்கள் இதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள், சரக்கு வைக்க இடமில்லாமல் கட்டிலுக்குக் கீழேயெல்லாம் மூட்டை கிடக்கும். அப்புறம் 2016 நவம்பர் 8 ராத்திரி வந்தது. 500, 1000 ரூபாய் செல்லாது என்று டிவியில் சொன்னதும் தெருவே வெளியே வந்து நின்றது. ஆயா எழுந்துபோய்க் கல்லாவைத் திறந்து பார்த்தார். பத்தும் ஐம்பதும் நூறும்தான் இருந்தன. "எனக்கு இது ரெண்டாவது தடவ" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்குப் பிறகு பேச வாய் வரவில்லை. மறுநாள் கடையைத் திறந்து, ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வந்து தயங்கி நின்றவர்களை எல்லாம் உட்காரச் சொல்லி, "சாப்புடு, எழுதிக்கிறேன்" என்றார். அந்த மாதம் நோட்டில் பக்கம் பக்கமாகக் கடன். இருந்தும் கடை ஒருநாள்கூட மூடவில்லை, ஏனென்றால் சரக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆயா போனபிறகு சின்ன மாமா கடையைப் பார்த்துக்கொள்கிறார். நல்லாவே பார்த்துக்கொள்கிறார், பணமெல்லாம் இப்போது போனில் வந்துவிடுகிறது. பழைய கணக்கு நோட்டுகளை நான் எடுத்து வந்து, பர்மிய எண்கள் பத்தையும் கற்றுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படிக்கிறேன். ஒரு விஷயம் இதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதது. இலவச சூப்புக்குத் தனிப் பத்தியே போட்டிருக்கிறார். எத்தனை தண்டு வாங்கினார், எத்தனை குடம் போனது, அன்றைக்கு அத்தோ எத்தனை தட்டு, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். சூப் அதிகம் போன நாட்களில்தான் தட்டும் அதிகம் விற்றிருக்கிறது, மழைக்காலத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மாமா இப்போது சூப்புக்குப் பத்து ரூபாய் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது, கேஸ் விலையும் வாடகையும் அப்படி. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், ஒவ்வொரு பக்கமாக அவருக்குப் படித்துக் காட்ட.