டேப்பர் என்றால் எவ்வளவு டேப்பர்?

ஒரு முனையில் பருத்து மறுமுனை நோக்கிச் சீராக மெலியும் எதையும் லேத் பட்டறையில் டேப்பர் என்கிறோம். டிராயிங்கில் கேட்டிருப்பதும் டேப்பர்தான்; நேராக வரவேண்டிய ஷாஃப்ட் நேராக வராவிட்டால் "ஜாப் டேப்பர் அடிக்குது" என்பதும் அதே சொல்லால்தான் (ஜாப் என்பது வெட்டுகிற பொருள்). சொல்லில் சிக்கல் இல்லை, அளவு சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல். எவ்வளவு, விட்டத்திலா ஒரு பக்கத்திலா என்ற இரண்டும் தெரியாமல் மெஷினைத் தொடக்கூடாது.

டிராயிங்கில் 1:10 என்று இருந்தால் 10 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறைகிறது என்று பொருள். 100 மி.மீ. நீளத்தில் 40 மி.மீ. விட்டம் 30 ஆகும். ஒரு பக்கத்தில் குறைவது 5 மட்டுமே. முழுக்கோணம் ஏறக்குறைய 5 டிகிரி 43 மினிட், டூலைச் சாய்வாக ஓட்டும் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்ப வேண்டியதோ அதில் பாதி, 2 டிகிரி 52 மினிட். முழுக்கோணத்தையே வைத்துவிட்டால் இரட்டிப்பு டேப்பர் வந்து ஜாப் ஸ்கிராப்புக்குப் போகும். ஷாஃப்ட்டையும் அதில் மாட்டும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் சாவி (கீ) விஷயத்தில் கணக்கே வேறு. டேப்பர் கீக்கு 1:100 என்றால் ஒரு முகம் மட்டுமே சரிகிறது, அங்கே பாதியாக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதுதான் பல தகராறுக்குக் காரணம். பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் டேப்பர் பின்னிலும் இப்படி ஒன்று உண்டு: மெட்ரிக் பின் 1:50, இஞ்ச் பின் 1:48. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றுக்கு ரீமர் (துளையை அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்ட துளையில் மற்றொன்று முழு நீளத்துக்கும் உட்காராது.

டிரில், சென்டர் போன்றவற்றின் பிடியில் வரும், நம்பர் இட்ட மோர்ஸ் டேப்பர் ஏறக்குறைய 1:20. இரண்டாம் நம்பருக்குப் பாதிக்கோணம் 1 டிகிரி 25 மினிட் 50 செகண்ட். ஸ்லைடின் அடியில் டிகிரிக்கு ஒரு கோடு போட்ட வளையத்தை வைத்து இதைப் பிடிக்கவே முடியாது. தேயாத நல்ல டெஸ்ட் டேப்பர் ஒன்றை இரு சென்டருக்கு (இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகள்) இடையே மாட்டுங்கள். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை டூல் போஸ்ட்டில் கட்டி, முனையைச் சென்டர் உயரத்தில் வைத்து, காம்பவுண்டை மட்டும் நகர்த்தி, முள் அசையாத வரை கோணத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்யுங்கள். டெஸ்ட் டேப்பர் இல்லையென்றால் நேரான பாரில் 40 மி.மீ. காம்பவுண்டை ஓட்டினால் டயல் 1 மி.மீ. காட்ட வேண்டும். இது சரியாக 1:20க்கு உரிய கணக்கு. மோர்ஸில் ஒவ்வொரு நம்பருக்கும் விகிதம் சற்று மாறுவதால் கடைசித் திருத்தம் கேஜ் வைத்துத்தான்.

கோணம் சரியாக இருந்தும் டேப்பர் உட்காராமல் போவதுண்டு. டூல் முனை சென்டருக்கு மேலோ கீழோ இருந்தால் வெட்டுகிற கோடு நேர்கோடாக வராது, நடுவில் லேசாக உள்வாங்கும். புளூ (தொடும் இடம் காட்டும் நீல மை) தடவிப் பார்த்தால் இரு முனையும் தொட்டு நடு தொடாமல் காட்டும். அதுவே துளைக்குள் வெட்டிய டேப்பராக இருந்தால் அதில் நுழைத்துப் பார்க்கும் பிளக் கேஜ் நடுவில் தொடும். புளூவை ஜாப்பின் மேல் நீளவாக்கில் மூன்று மெல்லிய கோடாகத் தடவி, சரியான டேப்பர் துளையுள்ள ரிங் கேஜில் நுழைத்துக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். முழுச் சுற்றாகத் தேய்த்தால் நிறம் எங்கும் பரவி, தொடாத இடமும் தொட்டதுபோல் ஏமாற்றும். பருத்த முனையில் மட்டும் அழிந்தால் கோணம் கூடுதல், மெல்லிய முனையில் மட்டும் அழிந்தால் குறைவு.

இனி கேட்காமல் வருகிற டேப்பர். சென்டர் கொடுத்து நேராக உருட்டிய ஷாஃப்ட்டில் டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர் முனையைத் தாங்கும் பகுதி) பக்கம் பருத்திருந்தால் டெயில் ஸ்டாக் டூலைவிட்டு விலகியிருக்கிறது. எவ்வளவு நகர்த்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 400 மி.மீ. ஷாஃப்ட்டில் 200 மி.மீ. இடைவெளியில் விட்ட வித்தியாசம் 0.04 என்று வையுங்கள். முழு நீளத்துக்கு அது 0.08, ஒரு பக்கத்துக்கு 0.04. டூல் பக்கம் அவ்வளவு தள்ளினால் போதும். டயலை டெயில் ஸ்டாக் பேரலில் வைத்து அளந்தே தள்ள வேண்டும், கண்மதிப்புக்கு இங்கே இடமில்லை.

நடு பருத்து இரு முனையும் மெலிந்தால் அது டேப்பரே அல்ல, டூல் தள்ளுவதால் ஜாப் வளைந்து விலகுகிறது. இடையில் தாங்கும் ஸ்டெடி கொடுக்க வேண்டும். நீண்ட ஜாப்பில் சக் (ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) பக்கம் மட்டும் பருத்தால் முதலில் டூல் முனையைப் பாருங்கள். வெட்டு டெயில் ஸ்டாக்கிலிருந்து சக்கை நோக்கிப் போவதால், முனை தேயத் தேயக் கடைசியில் வெட்டுகிற பக்கம் பருக்கும். சக்கில் மட்டும் பிடித்து, சென்டர் கொடுக்காத ஜாப்பில் வெளி முனை பருத்தால் டெயில் ஸ்டாக்கைத் தொட்டு எந்தப் பயனும் இல்லை. வெளியே நீட்டியிருப்பதைக் குறைத்து, கடைசி வெட்டின் ஆழத்தைக் குறைத்து, கூரான டூல் போட்டுப் பாருங்கள். அப்போதும் அடித்தால் சக்கைத் தாங்கும் ஹெட் ஸ்டாக் லேத்தின் பெட்டுக்கு நேராக இருக்கிறதா என்று டெஸ்ட் பார் வைத்துப் பார்க்கிற நேரம் வந்துவிட்டது.